உள்ளாளும் வெளியாளும்

எங்கள் வீட்டில் ஓர் உள்ளாள் இருக்கிறான் என்ற செய்தி முதன்முதலில் அப்பாவின் அக்காவான அத்தையின் காதில்தான் விழுந்தது. வேறு யார் காதில் விழும்? பாபநாசத்தில் ஒருவர் தும்மினால், எங்கள் ஊரில் உட்கார்ந்துகொண்டே அது இன்னார் தும்மல் என்று சொல்லக்கூடிய காது அது.

அன்று அத்தை கொல்லையில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தாள். பழைய நெல் குடோனுக்குப் பின்னால் மாமா நின்று செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். "உள்ளாள்கிட்ட எல்லாம் சொல்லி வச்சாச்சு. நேரம் பாத்து அவனே நிறுத்திருவான். தண்ணி பின்பக்கமாப் போயிடும். வீட்டுல யாருக்கும் தெரியாது, தெரிஞ்சா பயந்துருவாங்க." இவ்வளவுதான் அத்தை கேட்டது. வடகத்தைக் காக்கைக்கு விட்டுவிட்டு, காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவளாக உள்ளே ஓடி வந்து பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை சிந்தாமல் ஒப்பித்துவிட்டாள்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பல வருஷம் துபாயில் இருந்தவர். மீனும் இறைச்சியும் வைக்கிற குளிர் அறைகளில் யூனிட் மாட்டுவதும் அதைப் பழுது பார்ப்பதும்தான் அவர் தொழில். கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று ஒரு சூட்கேஸும் ஒரு டூல்ஸ் பையுமாக அக்கா வீட்டுக்கு வந்து இறங்கினார். எங்கள் பக்கத்தில் அக்கா வீட்டுக்கு வந்து விருந்து சாப்பிடலாம், தப்பில்லை. சூட்கேஸைப் பிரித்துச் சட்டையைக் கொடியில் போட்டால்தான் கேள்வி வரும். என்ன, தம்பி இங்கேயே தங்கிட்டாப்லயா என்று ஊர் கேட்கும். ஊர் கேட்பதற்கு முன்பே அத்தை கேட்டுவிட்டாள்.

அதற்கு அப்பா ஒரு வழி சொன்னார். பெரியப்பாவுக்குப் பாபநாசத்தில் பூக்கடை. முகூர்த்த நாளுக்கு மல்லியும் சம்பங்கியும் தாமரை மொட்டும் கூடை கூடையாக வாங்குவார். ஒரு கல்யாணம் தள்ளிப்போனால் அவ்வளவும் குப்பைக்குப் போகும். சும்மா கிடக்கிற நெல் குடோனுக்குள் ஒரு குளிர் அறை போட்டுவிட்டால் பூவும் நிற்கும், மைத்துனனுக்கும் வேலை ஆகும் என்றார் அப்பா. பெரியப்பா அரை மனதோடு சம்மதித்தார். அந்தப் பெட்டி ஒழுங்காக ஓடினால் மாமாவுக்கு இந்தப் பக்கத்திலேயே ஒரு பிழைப்பு. ஓடாவிட்டால் அவர் தன் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்றாலும், சின்னப் பெண்ணான எனக்கே அது தெரிந்திருந்தது.

மாமா மெனக்கெட்டு வேலை செய்தார். வெள்ளைப் பலகைகளால் அறைக்குள் ஓர் அறை எழும்பியது. கூரையிலிருந்து காற்றாடிகள் வைத்த ஒரு நீளப் பெட்டி தொங்கியது. பின்சுவரில் ஒட்டாமல் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டார். சுவருக்கு வெளியே, கொல்லை வெயிலில், பெரிய காற்றாடியோடு இன்னொரு பெட்டி. உள்ளேயிருந்து தண்ணீர் வெளியேற ஒரு குழாய் வைத்து, சொம்பு சொம்பாக ஊற்றிச் சரிவு சரியாக இருக்கிறதா என்று வாட்டம் பார்த்தார். எல்லாம் சரிதான். ஆனால் மனிதருக்கு வாய் கொஞ்சம் நீளம், விளக்கம் மட்டும் குட்டை. துபாயில் தான் மாட்டிய பெட்டிகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். இது என்ன ஒயர் என்று கேட்டால், அதெல்லாம் தொழில் ரகசியம் என்பார். ஸ்விட்ச் பெட்டியைப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டார். பெரியப்பாவுக்கு அப்போதே கண் அந்தக் கயிற்றின் மேல் விழுந்துவிட்டது.

பெரியப்பாவைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் வயல் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. மேலே இருக்கிறவர்கள் எவன் எப்போது மடையை அடைப்பான் என்று பார்த்துப் பார்த்தே அவர் தலை நரைத்தது. தண்ணீர் தானாக நின்றுவிட்டது என்று எவனாவது சொன்னால், தானாக நிற்கிற தண்ணியை நான் பார்த்ததில்லையே என்பார். அப்படிப்பட்டவரிடம் போய், ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை ஒருவன் நேரம் பார்த்து நிறுத்துகிறான், தண்ணீர் பின்பக்கமாகப் போகிறது என்று சொன்னால் என்ன ஆகும்? அன்று மத்தியானமே குடோனுக்குள் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தார். பார்த்தது வீண் போகவில்லை. சாப்பாட்டு நேரம் கழிந்து கொஞ்ச நேரத்தில் உள்ளே காற்றாடிச் சத்தம் பட்டென்று நின்றது. பக்கத்தில் ஈ காக்கை இல்லை. மாமா கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். பெரியப்பா எழுந்து கொல்லைப் பக்கம் போனால், அந்தக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சற்று நேரம் கழித்துச் சத்தம் தானாக மறுபடி கிளம்பியது.

ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாத அறையிலிருந்து தண்ணீர் எப்படி வெளியே வரும்? அடுத்த தடவை பெரியப்பா குடத்தை வைத்துப் பிடித்தார். மோந்து பார்த்தார். அத்தையைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னார். மல்லிகை வாசம் வருகிறது என்று அத்தை சத்தியம் செய்தாள். நானும் மோந்து பார்த்தேன். எனக்குக் குடத்து வாசம்தான் வந்தது, ஆனாலும் பெரியவர்கள் சொன்ன பிறகு மல்லிகை வாசமும் வந்த மாதிரிதான் இருந்தது.

சாயங்காலத்துக்குள் அத்தை முழுக்கதையையும் கட்டி முடித்துவிட்டாள். துபாயில் அத்தர் வியாபாரம் எப்படி நடக்கிறது என்று யாருக்குத் தெரியாது? நம் பூவில் இருக்கிற சத்தை இந்தப் பெட்டி உறிஞ்சி எடுக்கிறது. வெறும் தண்ணீரைப் பின்பக்கம் விட்டுவிட்டு, அத்தரை எங்கேயோ பிடித்து வைத்துக்கொள்கிறது. மாமா அதை மூட்டை கட்டித் துபாய்க்கு அனுப்பப் போகிறார். அத்தரை மூட்டை கட்ட முடியாதே என்று அப்பா மெதுவாகச் சொன்னார். அப்பா மேலேயே எல்லோருக்கும் சந்தேகம் வந்ததுதான் மிச்சம்.

"உளவு இல்லாம களவு இல்ல," என்றார் பெரியப்பா. "முதல்ல அந்த உள்ளாள் யாருன்னு தெரியணும்."

அதன் பிறகு வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற விதமே மாறிவிட்டது. பூக்கூடை இறக்குகிறவர் தண்ணீர் கேட்டால், தண்ணீரைக் கொடுத்துவிட்டு அவர் குடித்து முடிக்கும் வரை அத்தை பக்கத்திலேயே நின்றாள். கொல்லை பெருக்குகிற அக்கா குழாய்ப் பக்கம் பெருக்க வேண்டாம் என்று உத்தரவானது. அப்பா மாமாவோடு டீ குடிக்கப் போனால் பெரியப்பாவுக்கும் உடனே டீ குடிக்கத் தோன்றியது. என் முறையும் வந்தது. மாமா குளிர் அறைக்குள் போகும்போதெல்லாம் நான் கூடவே போவேன், உள்ளே வாயால் புகை விடலாம் என்பதற்காக. அத்தை என்னை மடியில் உட்கார வைத்துத் தேங்காய் பர்பி ஒன்றைக் கையில் கொடுத்து, மாமாவோட உள்ளாள் யாருடி கண்ணு என்று கேட்டாள். அது என்ன பதவி என்று எனக்குத் தெரியாது. ஆனால் எல்லோரும் தேடுகிற பதவி என்பது தெரிந்திருந்ததால், நான்தான் என்றேன். பர்பியைப் பிடுங்கிக்கொண்டு போடி என்றாள்.

அம்மாவை மட்டும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பெரியம்மா இறந்ததிலிருந்து சமையற்கட்டும் குடோன் சாவியும் அம்மா பொறுப்பு. அந்தச் சாவி அரிசி டின்னுக்கு மேலே ஆணியில் தொங்கும். ஒரு நாள் காலையில் பார்த்தால் ஆணி மட்டும்தான் இருந்தது. சாவி அத்தையின் இடுப்பில் இருந்தது. அம்மா ஆணியைப் பார்த்தாள், அத்தையின் இடுப்பைப் பார்த்தாள், அரிசியை அளந்து போட்டு உலையை ஏற்றினாள். அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை.

வைகாசியில் பெரிய முகூர்த்தம் வந்தது. குளிர் அறை நிறையப் பூ. அதே சமயம் பார்த்துக் கூத்தாநல்லூரில் ஒரு இறைச்சிக் கடைக்காரர், இதே போல் ஓர் அறை போட வேண்டும், வந்து இடத்தைப் பாருங்கள் என்று மாமாவைக் கூப்பிட்டார். முதல் அழைப்பு. மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார், ஒரு ராத்திரி தங்கிவிட்டு வருவதாகச் சொன்னார். பேருந்து தெருமுனைகூடத் திரும்பியிருக்காது, அதற்குள் பெரியப்பா எங்கள் போர் மோட்டாரைப் பார்க்கிற எலெக்ட்ரீஷியனுக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

பூட்டுச் சாவி மாமாவின் இடுப்போடு கூத்தாநல்லூர் போய்க்கொண்டிருக்க, எலெக்ட்ரீஷியன் ஸ்விட்ச் பெட்டியின் கீல் பக்கத்து ஸ்க்ரூவைக் கழற்றிக் கதவைத் திறந்தார். பெரியப்பாவின் உத்தரவு ஒன்றுதான். "இது நிக்கவே கூடாதுப்பா. எவன் நிறுத்துனாலும் நிக்கக் கூடாது." அவர் ஏதோ ஒரு ஒயரைப் பிடுங்கி ஏதோ ஒன்றோடு முறுக்கினார். அன்று முழுவதும் காற்றாடி நிற்கவில்லை. குழாயும் சொட்டவில்லை. பெரியப்பா இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

மறுநாள் விடிந்ததும் அம்மாதான் முதலில் சொன்னாள். சத்தம் மாறியிருக்கிறது, மூச்சுத் திணறுகிற மாதிரி கேட்கிறது, குழாயில் சொட்டுக்கூட இல்லை, ஒரு தடவை திறந்து பார்க்கலாமே என்றாள். தண்ணி நின்னதுதான் நமக்கு வேணும் என்று பெரியப்பா சிரித்தார். திறப்பதற்குச் சாவியும் இல்லை. அத்தை அதை இடுப்பில் செருகிக்கொண்டு சுவாமிமலைக்குக் கிருத்திகை தரிசனத்துக்குப் போயிருந்தாள்.

அத்தை விபூதியோடு வந்து இறங்கியதும் மாமா வந்து இறங்கியதும் ஒரே நேரம். மாமாவுக்கு வாசலிலேயே சத்தம் பிடிபட்டுவிட்டது. கதவைத் திறந்தால் உள்ளே குளிரே இல்லை, வெந்த பூவின் வாடை. மேலே தொங்கிய பெட்டி ஒரே பனிக்கட்டியாகி, தகடு எது காற்றாடி எது என்று தெரியாமல் வெள்ளையாக இறுகிக் கிடந்தது. மாமா அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"என் உள்ளாளைக் கொன்னுட்டீங்களே மச்சான்," என்றார்.

"அந்த உள்ளாள் யாரு? இப்பவாவது சொல்லித் தொலைப்பா," என்றார் பெரியப்பா.

மாமா விரலை மேலே காட்டினார். அவ்வளவு பேரும் அண்ணாந்து பார்த்தோம்.

அவர் உள்ளே தொங்குவதை உள்ளாள் என்றும் வெயிலில் நிற்பதை வெளியாள் என்றும்தான் சொல்வாராம். துபாயில் கூட வேலை பார்த்த நம் ஊர்ப் பையன்களுக்குள் பேச்சு வழக்கு. அன்று போனில் பேசியதும் அவர்களில் ஒருவனிடம்தான். அறையில் இருக்கிற ஈரமெல்லாம் உள்ளாள் உடம்பில்தான் பனியாகப் படியும். அதனால் அவ்வப்போது அவன் காற்றாடியை நிறுத்தி, உள்ளே இருக்கிற ஹீட்டரால் பனியை உருக்கிக் குழாய் வழியாக விட்டுவிட்டு மறுபடி ஓடுவான். நிற்க விடாமல் ஓட்டினால் பனி மூடிக் காற்றே வராது. ஏன்டா முதலிலேயே சொல்லவில்லை என்று அப்பா கத்தினார். அப்பா கத்தி நான் பார்த்தது அன்றுதான். "குளிர் ரூமுக்குள்ள ஹீட்டர் வச்சிருக்கேன்னு சொன்னா, பெரிய மச்சான் என்னையும் பெட்டியையும் சேத்து ஆத்துல விட்டுருப்பாரே," என்றார் மாமா.

பிறகு எல்லோருமாக ஓடினோம். பூக்கூடைகளைக் கூடத்துக்குத் தூக்கி, ஈரச் சாக்கைப் போர்த்தினோம். மாமா யூனிட்டை நிறுத்திவிட்டு ஓஸ் பைப்பால் தண்ணீர் அடித்துப் பனியை உருக்கினார். அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கீழே விழுந்த கட்டிகளை வாரி வாரி வெளியே போட்டாள். மல்லி போய்விட்டது. சம்பங்கி பாதி தேறியது. தாமரை தப்பித்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் உள்ளாள் திரும்ப மூச்சு விட்டான்.

அதற்கப்புறம்தான் சிரிப்பு வந்தது. அத்தர் கதையைப் பெரியப்பாவே சொல்லிக் காட்டினார். கூத்தாநல்லூர் வேலை முடியும் வரை எங்கேயும் போகக் கூடாது, இங்கேயே இருந்து போய்வா என்று மாமாவின் தோளைத் தட்டினார். வெளியே இருக்கிறது எதுக்கு இப்படிக் கொதிக்குது என்று அப்பா கேட்டார். "உள்ளாள் குளுகுளுன்னு இருக்கணும்னா, அந்தச் சூட்ட எல்லாம் வெளியாள்தான் வாங்கிக்கணும்," என்றார் மாமா. எங்கள் பக்கத்தில் வெளியாள் என்றால் அறுப்புக்கு வெளியூரிலிருந்து வருகிற ஆள். வேலை முடிந்ததும் போய்விட வேண்டியவன். அதனால் பெரியப்பாவுக்கு அந்தப் பெயர் மிகவும் பிடித்துப்போய் இன்னொரு தடவை சிரித்தார்.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து குடோன் சாவியை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். "இந்தாடி, பழைய ஆணியிலயே மாட்டு."

அம்மா எல்லோருக்கும் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். பனி வாரிய விரல்கள் இன்னும் சிவந்திருந்தன. சிரித்த முகமாகத்தான் இருந்தாள், ஆனால் கையை நீட்டவில்லை.

"உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணி," என்றாள். "வெளியாளுக்கு எதுக்குச் சாவி."

மறுபடியும் ஒரே சிரிப்பு. மாமா மட்டும் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லோரையும் விட நான்தான் உரக்கச் சிரித்தேன். அம்மா சொன்னது எனக்குப் புரிந்துவிட்டது என்று காட்டிக்கொள்ளவும் வேண்டியிருந்தது.

"ஆமாம்மா," என்றேன். "அவன் வெயில்லதானே நிக்கிறான்."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு என் தம்ளரில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினாள். அந்த ஆணி இப்போதும் அரிசி டின்னுக்கு மேலே இருக்கிறது, அதன் பிறகு அதில் எதையும் மாட்டியதில்லை. நான் அந்தப் பெட்டியைத்தான் சொன்னேன். அம்மாவும் அதைத்தான் சொல்கிறாள் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.