மேல்மாடிக் குடியை எழுப்பியது

டென்மார்க்கில், கிரின்ஸ்டெட் நகரத்தில் அந்தச் செங்கல் வீட்டை நான் வாங்கியது என் கணவருக்காக. அவர் மன்னாரில் இருந்தார். நான் தம்பியோடு முன்னதாக வந்து, அகதி நிலை கிடைத்து, ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலையில் இருந்தேன். மனைவி கூப்பிட்டால் கணவர் வரலாம் என்பது இந்த நாட்டுச் சட்டம். ஆனால் அந்த ஆண்டுகளில் எங்கள் ஆட்களின் விண்ணப்பங்கள் கொப்பன்ஹேகனில் அசையாமல் கிடந்தன. ஏன் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. நீதியமைச்சரே அவற்றை நிறுத்திவைக்கச் சொல்லியிருந்தார் என்பதைப் பிறகு நாடே அறிந்தது. சொந்த வீடு இருந்தால் அலுவல் கெதியாய் நடக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, வங்கிக் கடனில் வாங்கினேன்.

கீழே நான் இருந்தேன். மேல்மாடிக்குத் தனி வாசலும் தனிக் குசினியும் உண்டு. அதை எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்கு வருகிற ஒருவருக்கு வாடகைக்குக் கொடுத்தேன். அவரும் மன்னார்ப் பக்கம்தான். பூசையில் முன்வரிசையில் நின்று பாடுவார். கோப்புகள் முடங்குவதற்கு முன்பே மனைவியைக் கூப்பிட்டுவிட்டவர். அவர்களுக்கு ஒரு கைக்குழந்தை இருந்தது.

ஏழு மாதம் ஒழுங்காகக் கட்டினார். எட்டாம் மாதம் வாடகை வரவில்லை. ஒன்பதாம் மாதமும் வரவில்லை. அதற்குள் அவர் வாங்கிய ஒரு கார் வாசலில் நின்றது.

ஒருநாள் வேலையால் வந்ததும் படியேறிப் போய்க் கதவைத் தட்டினேன். அவர் கதவைப் பாதிதான் திறந்தார்.

“அண்ணை, ரெண்டு மாசமாப் போச்சு. எனக்கு வங்கிக்குக் கட்டவேணும்.”

“அவசரப்படாதையும் தங்கச்சி. உம்மட அவர் வரட்டும். ஆம்பிளையள் நாங்கள் இருந்து கதைச்சு முடிப்பம்.”

“அவர் எப்ப வருவார் எண்டு ஆருக்குத் தெரியும்?”

“அதுதானே,” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் என் உடம்பு எரிந்தது. என் கணவர் சண்டைக்குத் தப்பி மடுக் கோயிலடியில் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே படுத்திருந்த காலம் அது. அவர் வராதது இந்த மனிதருக்கு வாடகை கட்டாமலிருக்க ஒரு சாட்டாகிவிட்டது. கொப்பன்ஹேகனில் என் விண்ணப்பத்தின்மேல் குந்தியிருந்தவரின் முகம் எனக்குத் தெரியாது. இவருடைய முகம் தெரியும். என் வீட்டுக் கூரைக்குக் கீழேயே இருந்தது.

வீடு முழுவதற்கும் சூடு கொடுக்கிற கொதிகலன் என் நிலவறையில் இருந்தது. மறுநாள் பின்னேரம், வெளியில் பனி கொட்டிக்கொண்டிருக்க, மேல்மாடிக்குப் போகிற குழாயின் திருகை மூடினேன். ஒரு மணித்தியாலம் போயிருக்கும். அவருடைய மனைவி பிள்ளையைக் கம்பளியால் சுற்றிக்கொண்டு இறங்கி வந்தாள்.

“அக்கா, சூடு வரேல்லை. பிள்ளைக்குக் கை விறைக்குது.”

“என்னெண்டு தெரியேல்லை, பாக்கிறன்,” என்று பொய் சொல்லி, போய்த் திறந்துவிட்டேன். அவளுக்கு நான் செய்தது அநியாயம். அவருக்குச் செய்ய நினைத்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

நகர நூலகத்தில் வியாழக்கிழமைகளில் ஒரு வழக்கறிஞர் அம்மா இலவசமாக ஆலோசனை சொல்வார். போய் எல்லாவற்றையும் சொன்னேன், திருகு மூடியதையும் சேர்த்து. அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டார்.

“அதை இனிமேல் செய்யவே கூடாது. சூட்டை நிறுத்துவது, பூட்டை மாற்றுவது, சாமானை வெளியே வைப்பது, இதில் எதைச் செய்தாலும் குற்றவாளி நீங்கள்தான். அவருக்கு நீங்களே ஆயுதம் கொடுப்பதுபோல.”

“அப்ப நான் என்ன செய்யலாம்?”

இரண்டே வீடு உள்ள கட்டடத்தில் உரிமையாளரும் இருப்பதால், காரணம் சொல்லாமலே குடியை எழுப்பி வெளியேற்றலாம். ஆனால் ஒரு வருட அவகாசம் கொடுக்கவேண்டும் என்றார். வாடகை கட்டாததற்கு வேறு வழி இருந்தது. முதலில் எழுத்தில் கேட்கவேண்டும்; இத்தனை நாளுக்குள் கட்டாவிட்டால் ஒப்பந்தம் முறியும் என்பதும் அதிலேயே இருக்கவேண்டும். கட்டாவிட்டால், முறித்துவிட்டேன் என்று இன்னொரு கடிதம். அப்போதும் எழும்பாவிட்டால் ஃபோகெட்டிடம் போகலாம். ஃபோகெட் என்பவர் நீதிமன்றத்தின் அதிகாரி. பூட்டுத் திறக்கிறவரோடு வந்து ஆட்களை வெளியேற்றுவார்.

“அமைச்சு எனக்குத் தரவேண்டியதைத் தராவிட்டால் எந்த ஃபோகெட்டைக் கூப்பிடுவது?” என்று கேட்டேன்.

அவர் மேசையில் வைத்த பேனையை எடுத்து, முதல் கடிதத்தில் என்னென்ன இருக்கவேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தந்தார்.

முதல் கடிதத்தை அகராதியை வைத்துக்கொண்டு நானே டேனிஷில் எழுதினேன். வழக்கறிஞர் அம்மா திருத்தித் தந்தார். பதிவுத் தபாலில் அனுப்பினேன், ஒரே வீட்டின் கீழிருந்து மேலுக்கு. தபால்காரர் மேல்மாடிக்காரரிடம் கையெழுத்து வாங்குவதை யன்னலால் பார்த்தேன். அன்று எனக்குச் சோறு ருசித்தது.

சொன்ன நாட்கள் போயின. அவர் அசையவில்லை. இரண்டாவது கடிதம் போனது. அதை யாரிடமோ காட்டி அர்த்தம் கேட்டிருக்கவேண்டும். அடுத்த நாளே ஒரு கடித உறையோடு என் கதவடியில் நின்றார்.

“இந்தாரும், முழுக்க இருக்கு. எண்ணிப் பாரும்.”

நான் கையை நீட்டவில்லை. வழக்கறிஞர் அம்மா சொல்லியிருந்தார்: முறித்த பிறகு தருகிற காசை ஒன்றும் சொல்லாமல் வாங்கினால், மன்னித்துவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். மன்னிப்பதா இல்லையா என்பது இனி என் விருப்பம்.

“காலம் கடந்து போச்சு அண்ணை. நீங்கள் எழும்பவேணும்.”

“கைக்குழந்தையோட எங்க போறது? எங்கட சனத்தை வெள்ளைக்காரன்ர கோட்டுக்கு இழுக்கப் போறீரோ? நாலுபேர் என்ன கதைப்பினம்?”

“உங்களோட கதைக்க ஆம்பிளை வேணுமெண்டனீங்கள். ஃபோகெட் ஆம்பிளைதான். அவரோட கதையுங்கோ.”

ஃபோகெட்டிடம் போனேன். பிள்ளை இருக்கிறது என்று நகரசபைக்கு அறிவித்தார்கள். அது அவர்களுக்கு வேறு நகரத்தில் ஒரு வீடு பார்த்துக் கொடுத்தது. அதைக் கேட்டதும், ஒழிந்தது என்றுதான் நினைத்தேன்.

மாசி மாதக் காலையில் ஃபோகெட் வந்தார். பூட்டுக்காரர் கருவிப் பெட்டியைக் கீழே வைக்குமுன்பே கதவு திறந்தது. சாமான்கள் எல்லாம் கட்டித்தான் இருந்தன. குடியிருந்தவர் என்னைப் பார்க்கவில்லை. அவருடைய மனைவி பார்த்தாள், பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு காரில் ஏறினாள். ஃபோகெட் சாவியை என் கையில் தந்து கையெழுத்து வாங்கினார். என் பெயரை முழுதாக எழுதினேன்.

கோயிலில் இரண்டு மாதம் நான் இருக்கிற வாங்கில் யாரும் வந்து உட்காரவில்லை. நான் போகாமல் விடவில்லை. பாட்டு வரிசையில் ஒரு குரல் குறைந்திருந்தது.

பாக்கி வாடகையை மாதாமாதம் கட்டுவதாக அவர் ஃபோகெட்டின் முன்னால் கையெழுத்து வைத்திருந்தார். மாத முதலில் காசு வந்ததென்று வங்கித் துண்டு வரும், அவருடைய பெயரோடு. தொகையைப் பார்க்குமுன் பெயரைத்தான் பார்ப்பேன். இடையில் அனுமதி கிடைத்து என் கணவர் வந்து சேர்ந்தார், தலை நரைத்து, குளிருக்குப் பயந்துகொண்டு. ஒரு மாதம் துண்டை அவரிடம் காட்டி நடந்ததைச் சொன்னேன்.

“பாவம், விட்டிருக்கலாம்,” என்றார்.

“நீங்கள் சும்மா இருங்கோ,” என்றேன்.

கடைசித் துண்டு வந்தபோது கடன் தீர்ந்ததென்று நான் சந்தோசப்படவில்லை. அடுத்த மாத முதலில் அந்த மனிதர் என்னை நினைக்கமாட்டார் என்பதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.