அம்பருக்கு வைத்த சந்தனப் பொட்டு

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கையில் இருக்கிற டியூட்டரியில் எனக்கு அது முதல் விஞ்ஞான வகுப்பு. இலவச வகுப்பு. பிள்ளைகளுக்குப் பிடித்தால் தொடரலாம், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பன் என்று டியூட்டரிக்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வேலையில்லாமல் வீட்டில் இருந்து இருந்து எனக்கு விசர் பிடிக்கிற நிலைமை. எப்படியாவது அந்த வகுப்பு வேணும்.

அதனால் வித்தை காட்ட முடிவெடுத்தேன். ஜேர்மனியில் இருக்கிற அக்கா அனுப்பிய அம்பர் மாலையிலிருந்து பெரிய மணி ஒன்றைக் கழற்றினேன். அம்பர் பார்வைக்குக் கல், உண்மையில் மண்ணுக்குள் கனகாலம் கிடந்து இறுகிய மரப்பிசின். பட்டில் தேய்த்தால் காகிதத் துண்டுகளை இழுக்கும்.

நல்ல காரியத்தைச் சும்மா தொடங்குவமா? விளக்கேற்றி, மணியைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் குழைத்துப் பொட்டும் வைத்தேன். புதுக் கார் வாங்கினாலும் செய்கிறதுதானே. கல்யாணப் பட்டுச்சாறியையும் கட்டிக்கொண்டு போனேன்.

"கிரேக்கர் அம்பரை எலெக்ட்ரோன் என்றார்கள். எலெக்ட்ரிசிட்டி என்ற சொல் அதிலிருந்து வந்தது. நாங்கள் வானத்து மின்னலைப் பார்த்து மின்சாரம் என்று பெயர் வைத்தோம், அவர்கள் மரப்பிசினைப் பார்த்து வைத்தார்கள்" என்று பெரிய எடுப்பில் சொல்லி, சாறித் தலைப்பில் தேய் தேய் என்று தேய்த்து, காகிதத் துண்டுகளுக்குக் கிட்டக் கொண்டுபோனேன். ஒன்றும் அசையவில்லை. வகுப்பு எப்படியென்று பார்க்க வந்து பின் வாங்கில் இருந்த தாய்மார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் இன்னும் பலமாகத் தேய்த்தேன்.

முன்னுக்கிருந்த பெட்டை ஒருத்தி எட்டிப் பார்த்து, "டீச்சர், கல்லுக்குப் பொட்டு வச்சிருக்கிறீங்கள்" என்றாள்.

ஈரச் சந்தனம். ஈரத்தில் மின்னேற்றம் தங்காது. அதுதான் நான் அடுத்த கிழமை படிப்பிக்க இருந்த பாடம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க அடக்கக் கூடியது. பிள்ளைகளும் தொடங்கிவிட்டார்கள். சிரித்துக்கொண்டே மணியைக் கழுவித் துடைத்து, ஏசிக் காற்றில் பிடித்துக் காயவைத்து, சாறியின் காய்ந்த பக்கத்தில் தேய்த்தேன். காகிதமெல்லாம் துள்ளி எழும்பி ஒட்டியது. வகுப்பு கூரை பறக்கக் கத்தியது. எனக்குக் கால் நிலத்தில் இல்லை.

அவ்வளவு நேரமும் முறைத்துக்கொண்டிருந்த தாய் ஒருவர் எழும்பி வந்தார். போச்சு, இனி வகுப்பு இல்லை என்று நினைத்தேன்.

"ஒருக்காத் தாங்கோ டீச்சர்."

மணியை வாங்கித் தன் ஷோலில் தேய்த்தார். காகிதம் பாய்ந்து வந்து ஒட்ட, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு வாசலில் நின்ற டியூட்டரிக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

"வாற கிழமை நானும் இருப்பன். முன்னுக்கு ஒரு கதிரை போடுங்கோ."