ஊற்றக் கூடாத பால்

பிறந்த பிள்ளைக்குப் பால் குடிக்கவா சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று புந்தோங்கில் என் வீட்டுப் பக்கத்தில் இன்னும் கேட்கிறார்கள். மாதம் முடியாமல் பிறந்ததுகளுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். உறிஞ்சத் தெரிந்தால் விழுங்கத் தெரியாது. விழுங்கத் தெரிந்தால் நடுவில் மூச்சுவிட மறந்துவிடும். ஈப்போவில் ஒரு மருத்துவமனையின் குறைமாதப் பிள்ளைகள் வார்டில் பல வருடங்களாக எனக்கு இதுதான் வேலை. சம்பளம் கொடுத்து என்னைப் பொறுமையாக இருக்கச் சொல்கிறார்கள். பொறுமை எப்போதோ தீர்ந்துவிட்டது, இப்போது பழக்கத்தில்தான் ஓடுகிறது.

பீடோரிலிருந்து ஒரு பெண் தினமும் வார்டுக்கு வந்துகொண்டிருந்தாள். புருஷன் செம்பனைக் காய் லாரி ஓட்டுகிறவன். அறுவை செய்த வயிற்றோடு பஸ் ஏறி, பீய்ச்சி எடுத்த பாலை ஐஸ் பெட்டியில் வைத்து மடியில் சுமந்து வருவாள். அவள் மகளுக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டுப் பால் போய்க்கொண்டிருந்தது. வாயால் குடித்து, குழாயை எடுத்தால்தான் வீடு. வந்த கையோடு கேட்பாள்: "இன்னைக்கு எடுத்திருவாங்களா மிஸி?" நர்ஸ் என்றால் எங்கள் பக்கம் மிஸிதான்.

எங்கள் வார்டில் பாட்டில் கிடையாது, சின்னக் கிண்ணம். பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்குக் கிண்ணத்தைச் சாய்த்து, அப்படியே காத்திருக்க வேண்டும். பிள்ளையே நாக்கை நீட்டி நக்கிக் குடிக்கும். நாம் ஊற்றக் கூடாது. தமிழச்சிக்கு இதைவிடக் கஷ்டமான வேலை வேறில்லை. பிள்ளையை மடியில் கிடத்தி, சங்கை வாயில் வைத்துச் சாய்த்தே வளர்த்த ஜனம் நாம். போதும் போதும் என்று விருந்தாளி இலையைக் கையால் மறைத்தாலும், விரல் இடுக்கில் ஒரு கரண்டி போட்டுவிட்டுத்தான் நகர்வோம்.

ஒரு மத்தியானம் அடுத்த பிள்ளைக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் மானிட்டர் கத்தியது. திரும்பினால் பிள்ளை அவள் மடியில் மல்லாந்து கிடக்கிறது, உதடு நீலம். அவள் கையில் வெள்ளிச் சங்கு. பிள்ளையைப் பிடுங்கி, வாயில் கிடந்த பாலை உறிஞ்சி எடுத்து, முதுகைத் தேய்த்து, ஆக்சிஜன் வைத்தேன். மெல்ல நிறம் திரும்பியது.

"என்ன காரியம் பண்ண நீ? எத்தன தடவ சொன்னேன்?"

"எங்க அண்ணன் குடுத்த சீர் மிஸி," என்றாள் அழுதுகொண்டே. "தாய்மாமன் சங்குல ஒரு வாயாச்சும் குடுக்கணும்னாங்க. கிண்ணத்துல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. அதையும் குடிச்சிட்டா குழாய எடுத்திருவாங்கன்னு... ஒரு சிக்கிட், ஒரு சொட்டுதான் லா ஊத்துனேன்."

மேற்கொண்டு திட்ட எனக்குத் தெம்பில்லை. சிலர் ஸ்பூனால் ஊற்றுவார்கள், சிலர் விரலால் சொட்டுவார்கள். எல்லாம் பாசம்தான். அந்தப் பாசத்தை ஒவ்வொரு தடவையும் பிள்ளையின் தொண்டையிலிருந்து உறிஞ்சி எடுப்பது என் பிழைப்பு.

மறுநாளிலிருந்து அவள் கிண்ணத்தைத் தொடமாட்டேன் என்றாள். "நீங்களே குடுங்க மிஸி. இல்லாட்டி குழாயிலயே போவட்டும்."

நான் கொடுத்தால் பிள்ளை குடித்தது. அதனால் என்ன பிரயோசனம்? அவளோடு பீடோருக்கு நானா போகப்போகிறேன்? தாய் கொடுக்கப் பழகாமல் டாக்டர் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பமாட்டார். அந்த வாரம் ஆள் பற்றாக்குறை வேறு, எனக்கு முட்டி வீங்கிக் கிடந்தது. எக்கேடோ கெட்டுப் போ என்று விட்டுவிடலாம் போலத்தான் இருந்தது. ஒரு நாள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கருணையெல்லாம் இல்லை, நிற்க முடியவில்லை. உட்கார்ந்ததற்கு ஒரு வேலை வேண்டுமே என்று கிண்ணத்தை அவள் கையில் திணித்தேன்.

"மாமன் சீரு வீட்டுலயே பத்திரமா இருக்கட்டும். நீ இவ மூஞ்சிய மட்டும் பாரு."

கிண்ணம் உதட்டைத் தொட்டது. பிள்ளை அசையவில்லை.

"குடிக்க மாட்டேங்குறா மிஸி."

"பேசாம இரு."

நாக்கு வெளியே வந்தது. நக்கியது, நின்றது, மூச்சு விட்டது, மறுபடி நக்கியது. கிண்ணத்தில் பாதி போனபோது பிள்ளையின் புருவம் சுருங்கியது, கைவிரல்கள் விரிந்தன. நான் வாயைத் திறக்கவில்லை. தடுப்பதற்குக் கையை மட்டும் தயாராக வைத்திருந்தேன். அவள் பிள்ளையைப் பார்த்தாள், மீதிப் பாலைப் பார்த்தாள். வீட்டுக்குப் போகிற வழி அந்தப் பாலில்தான் இருக்கிறது என்று நம்பியவள் அவள்.

கிண்ணத்தை எடுத்துவிட்டாள்.

"போதுங்குறா மிஸி," என்றாள், பரீட்சையில் தோற்றவள் மாதிரி. "களச்சிட்டா, பாவம். மிச்சத்தக் குழாயில விட்டுருங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து போகவும் முட்டி விடவில்லை, அவள் முன்னாலேயே துடைத்துக்கொண்டேன். நிறுத்தத் தெரிந்தவளிடம் பிள்ளையை நம்பிக் கொடுத்தனுப்பலாம்.

"சீக்கிரம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவம்மா நீ," என்றேன்.

அவள் நம்பவில்லை. "பாதிய மிச்சம் வச்சிட்டாளே மிஸி?"

"அதனாலதான்."