முப்பது லேப்டாப்பும் ஒரு துண்டும்

லேப்டாப்புக்கு மார்க் போடுவது எளிது என்று நினைத்திருந்தேன். புதுக்கோட்டையில் ஒரு விதை நிறுவனத்தில் சிஸ்டம்ஸ் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயலுக்குப் போகும் அலுவலர்களுக்கு முப்பது லேப்டாப் வாங்க வேண்டும். சாம்பிளாக வந்த வெள்ளி நிற மாடலைப் பார்த்ததுமே மேனேஜருக்குப் பிடித்துவிட்டது.

"அப்பளம் மாதிரி இருக்கு சார். இதையே முடிச்சிருவோம்," என்றார்.

ஏசி அறையில் வைத்துச் சோதித்தேன். பேட்டரி பதினொரு மணி நேரம் நின்றது. வேகம், டிசைன் எல்லாவற்றுக்கும் தாராளமாக மார்க் போட்டு ரிப்போர்ட் எழுதினேன். வயல் அலுவலர் மலர்விழி அதைப் படித்துவிட்டு, "ஒரு நாள் எங்கூட வாங்க சார். அப்புறம் கையெழுத்துப் போடுங்க," என்றார்.

மறுநாள் வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு கடலை வயலுக்குப் போனோம். மலர்விழி செடிகளைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, நான் நின்றபடி டைப் செய்தேன். வெயிலில் திரை கண்ணாடியாகிவிட்டது. வெளிச்சத்தை முழுதாகக் கூட்டியும் என் முகம்தான் தெரிந்தது. போன் ஹாட்ஸ்பாட், வயல் மேப், போட்டோ என்று எல்லாம் சேர்ந்து ஓட, பன்னிரண்டு மணிக்கே பேட்டரி பாதிக்குக் கீழே போனது. அலுமினிய உடம்பு வெயிலில் நின்ற பைக் டேங்க் போலச் சுட்டது.

கடைசியில், பதிந்த விவரங்கள் சரி என்று வயலின் சொந்தக்காரர் கருப்பையா திரையில் விரலால் கையெழுத்துப் போட வேண்டும்.

"என்ன எழுதிருக்கீங்கன்னு பாக்காம போட மாட்டேன் சார்," என்றார். நியாயம்தான். தோளில் கிடந்த துண்டை அவரே விரித்தார். இருவரும் தலையை உள்ளே நுழைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தோம்.

கஞ்சித் தூக்கோடு வந்த அவர் மனைவி வரப்பிலேயே நின்றுவிட்டார். "என்னங்க இது, நடு வயல்ல ரெண்டு பேரும் முக்காடு போட்டுக்கிட்டு? யாரு போயிட்டா?"

கருப்பையா துண்டுக்குள்ளிருந்தே, "யாரும் போகல. கம்ப்யூட்டர் பாக்குறோம்," என்றார். விரலை வைக்கப் போனார். சூடு தாங்காமல் லேப்டாப் அணைந்துவிட்டது.

"கையெழுத்துப் போட வந்தா கண்ண மூடிக்கிருச்சே சார்!"

மலர்விழி சிரிக்கவில்லை. கையால் வாயைத்தான் பொத்திக்கொண்டார். சேமிக்காத விவரங்களை மறுபடி காகிதத்தில் எழுதினோம்.

மேனேஜரிடம் சொன்னேன். நம்பவில்லை. மறுநாள் மதியம் மொட்டைமாடிக்கு அழைத்துப்போய், என் ரிப்போர்ட்டைத் திறந்து லேப்டாப்பைக் கையில் கொடுத்தேன். திரையைப் பார்த்தார், மீசையை ஒதுக்கிக்கொண்டார், பிறகுதான் கேட்டார்: "ரிப்போர்ட் எங்க சார்?"

"அதுலதான் இருக்கு," என்றேன்.

வேறு சாம்பிள்கள் வரவழைத்தோம். இந்த முறை சோதித்தது மலர்விழி. அவர் தேர்ந்தெடுத்தது பார்க்கச் சகிக்காத தடித்த கறுப்பு மாடல். திரை பளபளக்காது, பேட்டரியைக் கழற்றி மாற்றலாம்.

"தோள்பட்டை வலிக்குமே?" என்று கேட்டேன்.

"வலிக்கும் சார். ஆனா ஒரே தடவைல வேலை முடிஞ்சிரும்."

முப்பதும் அதுவே வாங்கினோம். என் பழைய ரிப்போர்ட்டில் ஒரு எண்கூடத் தவறில்லை. பயன்படுத்தப் போகிறவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் எழுதியதுதான் தவறு. இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் அவரோடு ஒரு நாள் போய்விட்டு வாருங்கள். மார்க் அப்புறம் போடலாம்.