ஐந்தாம் சனலில் ஒரு இரைச்சல்

1. ஒரு மாத வேலை

கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் சவுண்ட் வாடகைக்குக் கொடுக்கும் கடையொன்றில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தேன். மார்க்கம் மண்டபங்களில் கலியாணம், பள்ளிக்கூட மேடைகளில் அரங்கேற்றம் என்று வார இறுதிகள் போய்விடும். ஸ்பீக்கரில் சின்னதாக ஒரு இரைச்சல் வந்தாலும் முன்வரிசை அம்மாமார் திரும்பி என்னைத்தான் முறைப்பார்கள். அதனால் இரைச்சல் என்றாலே எனக்கு ஆகாது. சுத்தமான சவுண்ட் என்றால் என்னைக் கூப்பிடு என்று ஒரு பெயரும் எடுத்திருந்தேன். அந்தப் பெயர் கொஞ்சம் தலைக்கேறியும் இருந்தது.

ஒரு நாள் முதலாளி செல்வம் அண்ணை போன் எடுத்தார்.

"ரெக்ஸ்டேலிலை ஒரு ஆபிரிக்க பாண்ட் இருக்கு. மிக்சரிலை இருக்க ஆளில்லையாம். ஒரு மாதம் போய்ச் செய்து குடுமன்."

ஒரு மாதம் என்று போனவன் ஒன்பது வருடம் அவர்களோடு இருந்தேன். குழுவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்கள் பிள்ளைகள் போனில் தேடி, நான் செய்த கூத்தை நேரே போய் விசாரிப்பார்கள்.

குழுவை நடத்தியவர் நியாஷா. சிம்பாப்வேயில் பிறந்தவர், பாட்டும் அவரே. மடியில் வைத்து வாசிக்கும் வாத்தியத்துக்கு ம்பிரா என்று பெயர். பலகையில் இரும்புப் பட்டைகளை வரிசையாகப் பொருத்தி, கட்டைவிரலால் மீட்டுவார்கள். அதை ஒரு பெரிய சுரைக்குடுக்கைக்குள் வைப்பார்கள். குடுக்கையின் விளிம்பைச் சுற்றிப் போத்தல் மூடிகள் கட்டியிருக்கும். பேஸ் கிற்றார் குவாமே, கானா நாட்டுப் பெற்றோருக்கு ரொறன்ரோவில் பிறந்தவன். நியாஷாவின் ஊர் மெட்டுக்கு இவன் இந்த நகரத்துத் தாளத்தைப் போடுவான். ட்ரம்ஸுக்கும் கீபோர்ட்டுக்கும் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான். இங்கே எங்கள் தமிழில் தருகிறேன்.

2. பழுது என்று நினைத்தது

மிக்சரில் ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு சனல், அதாவது தனி வழி. முதல் ஒத்திகையிலேயே ம்பிரா வந்த ஐந்தாம் சனலில் ஒரு இரைச்சல். கேபிளை மாற்றினேன், மைக்கை மாற்றினேன். போகவில்லை. பெரிய சவுண்ட்காரன் என்று வந்துவிட்டு ஒரு இரைச்சலை நிறுத்தத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஒருவரிடமும் வாய் திறக்காமல் மிக்சரில் அந்த ஒலிப்பகுதியை மட்டும் வெட்டிவிட்டேன். இரைச்சல் அடங்கியது, எனக்கு நிம்மதி.

நியாஷாவுக்கு இது தெரிய வழியில்லை. வாத்தியம் அவர் மடியிலேயே ஒலிக்கிறது. சபைக்கு என்ன போகிறது என்பது என் கையில் இருந்தது.

ஒரு வருடம் தேவாலய மண்டபம், பூங்கா, சமூக நிலையம் என்று அலைந்தோம். கைதட்டுவார்கள், பிறகு போய்விடுவார்கள். ஒருவரும் திரும்பக் கூப்பிடவில்லை. குவாமேக்குக் கல்கரியில் நல்ல வேலை ஒன்று வந்தது. கோடைவிழாக்களுக்குக் குழு தெரிவு செய்பவர்கள் நகர மத்தியில் ஒரு தியேட்டரில் ஒரு பின்னேரம் வந்திருந்து பார்ப்பார்கள், ஒவ்வொரு குழுவுக்கும் இருபது நிமிடம். அதிலும் சரிவராவிட்டால் கல்கரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டான். அவன் போனால் குழு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

3. இருபது நிமிடம்

அந்தத் தியேட்டரின் ஸ்பீக்கர்கள் மிகவும் நல்லவை. காலைச் சோதனையில், நான் வெட்டியதையும் தாண்டி இரைச்சல் மெல்ல வந்தது. மற்றவர்கள் சாப்பிடப் போனபின் மேடைக்குப் போய்க் காது வைத்துப் பார்த்தேன். மூடிகள்தான் அதிர்கின்றன. அட, இவ்வளவுதானா என்று, வெளியே தெரியாதபடி ஒவ்வொரு மூடிக்கும் உள்பக்கமாக ஒட்டுநாடா ஒட்டினேன். பெரிய உபகாரம் செய்த நினைப்பு எனக்கு.

பின்னேரம் நியாஷா மீட்டத் தொடங்கினார். ஸ்பீக்கரில் பளிச்சென்று வந்தது. நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கை நின்றது. குடுக்கையைத் திருப்பிப் பார்த்தார். சபைக்கு முன்னாலேயே நகத்தால் ஒட்டுநாடாவை ஒவ்வொன்றாக உரித்தார். குவாமே சமாளித்து ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வாசித்தான்.

மீண்டும் மீட்டினார். சபைப் பக்கம் திரும்பிக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து உள்ளங்கையை உயர்த்தினார். சனலின் சத்தத்தைக் கூட்டினேன். இல்லை என்று தலையாட்டினார். அப்போதுதான் விளங்கியது. வெட்டி வைத்திருந்த அத்தனையையும் திரும்பத் திறந்துவிட்டேன்.

மண்டபம் நிறைந்து அதிர்ந்தது. அதுவரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். எத்தனை அரங்கேற்றங்களில், தம்புராத் தந்திக்குக் கீழே நூலை நகர்த்தி நகர்த்தி அந்த ரீங்காரத்தை வரவழைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது.

4. அறையில்

நிகழ்ச்சி முடிய, குவாமே தியேட்டரின் மேடைப் பொறுப்பாளரை மறித்து, ஏன் நாடா ஒட்டினாய் என்று கேட்டுக்கொண்டிருந்தான். அந்த மனுசன் தான் தொடவேயில்லை என்று சத்தியம் செய்தார். நம்ப ஆளில்லை. அலுவலகத்தில் முறைப்பாடு எழுதப் போவதாகக் குவாமே கிளம்பினான். நான் பேசாமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். அந்த எண்ணம் எனக்கு வந்ததையும் மறைக்கவில்லை.

"நான்தான் ஒட்டினனான்" என்றேன்.

நியாஷா கத்தவில்லை. எங்கள் ஊரில் அந்த அதிர்வைக் கேட்டுத்தான் முன்னோர்கள் பக்கத்தில் வந்து இருப்பார்கள் என்று மட்டும் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வருடம் முழுக்க மிக்சரில் வெட்டியதையும் சொன்னேன்.

குவாமே கதிரையில் இருந்துவிட்டான்.

"அப்ப ஒரு வருசமாச் சனத்துக்குப் போனது எங்கடை பாட்டே இல்லை."

நியாஷா குடுக்கையை என் மடியில் வைத்து, பசையைத் துடைக்கச் சொன்னார். ஒவ்வொரு மூடியாகத் துடைத்தேன்.

என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். மூன்று வாரத்தில் இரண்டு விழாக்களிலிருந்து அழைப்பு வந்தது. அடுத்த கோடையில் மொன்றியல், அதன் பிறகு கடல் கடந்தும் போனோம். குவாமே கல்கரிக்குப் போகவில்லை. முதல் அழைப்பு வந்த அன்றே நியாஷா போன் எடுத்து, தியேட்டர்களுக்கு முன்கூட்டி அனுப்பும் தொழில்நுட்பத் தாளை என்னையே எழுதச் சொன்னார்.

இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். ஒரு சத்தத்தைப் பழுது என்று முடிவுகட்டுமுன், அதை வாசிப்பவரிடம் ஒரு வார்த்தை விசாரியுங்கள். எனக்கு அதற்கு அரை நிமிடம் போதுமாயிருந்தது, எடுத்ததோ ஒரு வருடம்.

நான் ஓய்வு பெற்ற பின்னும் அந்தத் தாள் மாறவில்லை. முதல் வரி இது: "ஐந்தாம் சனலில் வரும் இரைச்சல் பழுதல்ல. தயவுசெய்து கைவைக்க வேண்டாம்." எழுதியவர் பெயர் கீழே இருக்க வேண்டும் என்று நான்தான் கேட்டு வாங்கிப் போட்டேன்.