மஞ்சள் சவர்க்காரத் துண்டு

என் கையெழுத்து கோழி கிளறிய மண் போல இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் செய்த பிழையை இன்னொருவர் தலையில் போட்டேன். நான்கு வருடம் வாய் திறக்கவில்லை.

கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள் என் தையல் கடை. மனைவி வீட்டில் தேங்காய் எண்ணெயில் சவர்க்காரம் செய்து, வெள்ளவத்தையில் தெரிந்த வீடுகளுக்குக் கொடுப்பாள். கட்டிகளை வெட்டும்போது ஓரங்கள் மிஞ்சும். அவற்றை எறிய எனக்கு மனம் வராது. காற்சட்டையின் இறுகிய சிப்பில் தேய்ப்பேன். இழுபடாத மேசை லாச்சியில் தேய்ப்பேன். தடித்த துணி தைக்குமுன் ஊசியை அதில் குத்தி எடுப்பேன். மெல்லிய துண்டுகளைக் காயவைத்து, கறுப்புத் துணியில் கோடு போடுவேன். கழுவினால் போய்விடும்.

பக்கத்துத் தெரு ரீற்றா அக்கா, மகள் முதன்முதலாய் நற்கருணை வாங்கும் முதல் நன்மைப் பூசைக்கு வெள்ளைச் சட்டை தைக்கத் தந்தார். வெள்ளைத் துணியில் வெள்ளைத் துண்டு தெரியுமா? மனைவி மஞ்சள் தூள் கலந்து செய்து, தனி டப்பாவில் வைத்திருந்த மஞ்சள் சவர்க்காரத் துண்டை எடுத்தேன்.

"அது மேலுக்குப் போட்டுக் குளிக்கிறது. துணியில வைக்காதேங்கோ" என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். கேட்டேனா... கோடு மெல்லிசாக, அழகாக விழுந்தது. தைத்துக் கொடுத்துவிட்டேன்.

அக்கா அதைக் கழுவி அயன் பண்ண, எங்கள் முனையில் இருக்கும் செல்வண்ணனின் லோண்டரியில் கொடுத்தார். மஞ்சளில் சலவைச் சோடா பட்டால் என்ன ஆகும்? குங்குமம் போலச் சிவக்கும். இடுப்பைச் சுற்றியும் கீழ் மடிப்பிலும் சிவப்புக் கோடுகள்.

பூசைக்கு முதல் நாள் சட்டையோடு கடைக்கு வந்தார். "அண்ணை, இது என்ன?"

எனக்குப் பார்த்த உடனேயே விளங்கியது. ஆனால் இப்படிச் சொன்னேன்: "லோண்டரியில என்னத்தைப் போட்டாங்களோ, அக்கா."

அந்த ஒரு வரிதான்... நீங்கள் என்றால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

பிள்ளை இரவல் சட்டையில் கோயிலுக்குப் போனது. அக்கா கோயிலில் பத்துப் பேரிடம் சொன்னார். வெள்ளைத் துணி கொடுப்பவர்கள் செல்வண்ணனை விட்டுவிட்டார்கள். அவர் கழுவுவதை நிறுத்தி, தொட்டியைக் கவிழ்த்துவிட்டு, அயன் மட்டும் பண்ணத் தொடங்கினார். தினமும் காலையில் என்னைப் பார்த்து, "டெய்லர், தேத்தண்ணி குடிச்சாச்சா?" என்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம்" என்பேன்.

நேற்று ரீற்றா அக்கா இளைய மகளின் சட்டைத் துணியோடு வந்தார். "இந்த முறை நானே கழுவுறன். அந்த மனுசனிட்டக் குடுக்க மாட்டன்."

அளவு நாடாவைச் சுருட்டி வைத்தேன். "அக்கா, அது அவரில்லை. நான்" என்றேன். எப்படி வந்தது அந்தச் சொல்! மஞ்சள் துண்டை எடுத்து மேசையில் வைத்துக் காட்டினேன்.

அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அப்ப நாலு வருஷமா நான் அந்தாளைத் திட்டினது..." என்றார். துணியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

நான் கடையைச் சாத்திவிட்டு நேரே லோண்டரிக்குப் போய்ச் சொன்னேன். செல்வண்ணன் அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"உடுப்புக் கழுவுற என்ர தொட்டியை மூண்டு தரம் உரஞ்சிக் கழுவினனான், டெய்லர். பழுது என்னிலதான் எண்டு நினைச்சு."

பிறகு அவர் தன் கடையின் இழுத்து மூடும் இரும்புக் கதவைக் காட்டினார். "இது இழுபடுதில்லை. சவுக்காரத் துண்டு இருந்தா கொண்டு வாரும். வெள்ளையா பாத்து."

கொண்டுபோய்த் தேய்த்தேன். கதவு வழுக்கி இறங்கியது. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் இன்று காலை தேத்தண்ணி குடிச்சாச்சா என்று கேட்டபோது, அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னேன். நெஞ்சில் பாதிப் பாரம் இல்லை. தொட்டி மட்டும் அவர் கடைக்குப் பின்னால் இன்னும் கவிழ்ந்தே கிடக்கிறது.

ஆவணி 14, ஞாயிற்றுக்கிழமை.