முனியப்பன் சேவலும் சிவப்பு பிளாஸ்க்கும்

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு சிவப்பு பிளாஸ்க் இருக்கிறது. மூடி நசுங்கியது, உள்கண்ணாடி இரண்டு முறை மாற்றியது. அதில் ஊற்றிய காபியை என் அம்மா மட்டும் தொடமாட்டார். எல்லாம் அண்ணியால் வந்த வினை.

எண்பதுகளின் தொடக்கத்தில், சேந்தமங்கலத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் கோழிப்பண்ணை வீட்டுக்கு மருமகளாக வந்தபோது, அண்ணி பெங்களூரில் ஆராய்ச்சி மாணவி. ஆராய்ச்சி கோழி ரத்தத்தில். நம் சிவப்பணுக்களில் மரபணு இருப்பதில்லை, கோழிக்கு உண்டு. முட்டைக்குள் கருவாக இருக்கும்போது வேலை செய்கிற ஒரு மரபணு, குஞ்சு வளர்ந்ததும் வாயடைத்துப் போகும். மரபணு மாறுவதில்லை. அதன்மேல் சின்னதாக ஒரு ரசாயன அடையாளம் ஏறியிருக்கும், அவ்வளவுதான். பழைய அணு போய்ப் புது அணு வந்தாலும் அந்த அடையாளம் கைமாறிக்கொண்டே இருக்குமாம். அதைத்தான் அண்ணி தேடிக்கொண்டிருந்தார். “ஒரே ஊட்டுல எந்த ரூமுக்குப் பூட்டுன்னு பாக்கறதுக்கு இத்தனை வருசப் படிப்பா?” என்று அப்பா சீண்டுவார். ஆமாங்க மாமா என்று சிரித்துக்கொண்டே தலையாட்டுவார் அண்ணி.

ஒருமுறை லீவுக்கு வந்தபோது அவர் சிரிக்கிற நிலையில் இல்லை. சந்தைக் கோழிகளின் ரத்தத்தில் முடிவுகள் குழம்பியிருந்தன. ஒரே குடும்பத்துக் கருவும் பெற்ற கோழியும் கிடைத்தால் பார்க்கலாம், இல்லையென்றால் தலைப்பை மாற்றிக்கொள்ளுங்கள் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டு நாட்டுக்கோழி இட்ட முட்டைகளைப் பொரிப்பக இயந்திரத்தில் தனியாக வைத்து, கரு ரத்தம் எடுத்தாயிற்று. தாய்க்கோழி ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அறுபடுவதாக இருந்தது. அதன் ரத்தம் வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அண்ணி குளிக்கப் போனார்.

வந்து பார்த்தால், கிண்ணத்தில் ரத்தம் அல்வாத் துண்டு மாதிரி உறைந்து கிடந்தது. ரத்தப் பொரியலுக்குச் செய்வதுபோல அம்மா தண்ணீரும் ஒரு கை கல்லுப்பும் போட்டிருந்தார். மருமகள் ஆசையாகக் கேட்டாளே என்று கொஞ்சம் தாராளமாகவே. உறையாமலிருக்க அண்ணி கொண்டுவந்திருந்த மருந்துக் குப்பி பைக்குள்ளேயே இருந்தது.

மிச்சமிருந்தது தகப்பன் சேவல். அது முனியப்பனுக்கு நேர்ந்துவிட்டது. இறக்கையில் ஊசி போட்டு ஒரு துளி எடுத்தாலும் பங்கப்பட்ட சேவலாகிவிடும், சாமிக்கு ஆகாது. அண்ணி அம்மாவை வற்புறுத்தவில்லை. வேற தலைப்பு எடுத்துக்கறேனுங்க அத்தை என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்த் துணிகளை மடிக்க ஆரம்பித்தார். அம்மா அன்று மத்தியானம் சாப்பிடவே இல்லை.

மறுநாள் விடிந்ததும் அம்மா சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றார். ஆடியில் கொடுக்கவேண்டிய நேர்த்தியை அன்றைக்கே கொடுக்கப் போகிறாராம். “மொதச் சொட்டு முனியப்பனுக்கு. மிச்சம் உனக்கு. அவருகிட்ட நான் பேசிக்கறேன், நீ குப்பிய எடுத்துட்டு வா சாமி.”

கோயிலில் பூசாரி அறுத்தார். முதல் ரத்தம் மண்ணில் விழுந்தது. அடுத்தது அண்ணியின் குப்பிக்குள் போனது. பூசாரி வாயைத் திறக்குமுன் அம்மா பார்த்த பார்வையில் அவர் அரிவாளைத் துடைக்கப் போய்விட்டார். சோடாக் கடையில் வாங்கிய ஐஸை ஆஸ்பத்திரிக்குக் காபி கொண்டுபோகும் இந்த பிளாஸ்க்கில் நிரப்பி, குப்பியை அதற்குள் சொருகினோம். சேலம் பஸ்ஸில் அண்ணி அதைக் கைக்குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு போனார்.

சில வாரம் கழித்துப் பண்ணை போனுக்குப் பெங்களூரிலிருந்து டிரங்க் கால் வந்தது. கருவில் இல்லாத அடையாளம் சேவலில் பளிச்சென்று தெரிந்ததாம். அண்ணியின் குரல் எனக்கே கேட்டது. அம்மா கேட்டது ஒன்றுதான்: “உப்புக் கரிக்கலையே?”

அதன்பிறகு அண்ணிக்குச் சொந்த ஆய்வகம் வந்தது, வெளிநாட்டு அழைப்புகள் வந்தன. ஓய்வு பெற்றவர் இப்போது எங்களோடுதான் இருக்கிறார். இன்று காலை பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றி நீட்டினார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“கழுவிக் கழுவி நாப்பது வருசமாச்சுங்க அத்தை. கண்ணாடியே ரெண்டு தடவ மாத்தியாச்சு.”

“எத்தனை மாத்துனா என்ன? சேவ ரத்தம் போன பிளாஸ்க்குதானே?”

அண்ணி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். “இதத்தானுங்க அத்தை நான் காலமெல்லாம் படிச்சேன்” என்றார்.

அம்மாவுக்கு வேறு பாத்திரத்தில் காபி வந்தது.